கட்டியின் மரபணு அறிக்கையைப் படிக்கும் முறை

நுரையீரல் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியானபின் மருத்துவர் எழுதித் தரும் மரபணுப் பரிசோதனையின் அறிக்கை, பல பக்கங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், கைப்பேசிக்கு வந்து சேரும். அடையாற்றிலோ கிரீம்ஸ் சாலையிலோ ஓ.பி. வரிசையில் அமர்ந்து அதைப் புரட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அதற்குமுன் ஒரு சிறு வேலை. பரிசோதனைக்குத் தேவைப்படுவது மெழுகில் பதித்த திசு, அதாவது 'பிளாக்'. அதைப் பயாப்ஸி செய்த ஆய்வகத்திலிருந்து வாங்கி இன்னோர் இடத்தில் கொடுக்கச் சொன்னால், கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மெழுகு இளகினால் நட்டம் உங்களுக்குத்தான்.

அறிக்கையில் முதலில் மரபணுவின் பெயரையும் அதையடுத்த குறியீட்டையும் பாருங்கள். 'ஈஜிஎஃப்ஆர் எல்858ஆர்' என்றிருந்தால், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 858ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின் என்ற இன்னொன்று அமர்ந்துவிட்டது என்று பொருள். செல்லின் மேற்பரப்பில் நின்று, வளரச் சொல்லும் சமிக்ஞை வந்தால் மட்டும் உள்ளே தகவல் அனுப்பவேண்டிய புரதம் அது. இந்த ஓர் எழுத்து மாறியதும், அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொண்ட காலிங் பெல்லைப்போல, யாரும் வராமலேயே ஓயாமல் ஒலிக்கிறது, செல்லும் பிரிந்துகொண்டே போகிறது. ஜெஃபிட்டினிப், ஓசிமெர்ட்டினிப் போன்ற மாத்திரைகள் அடக்குவது இந்த ஒலியைத்தான். 'டிபி53' பெயர் இருந்தால் கதை வேறு: பழுதான செல்லைப் பிரியவிடாமல் தடுக்கும் காவல் அங்கே தளர்ந்திருக்கிறது.

பலரைக் கலங்கவைப்பது குறியீட்டின் அருகிலுள்ள சதவீதம். 32 என்றிருந்தால் நோய் 32 சதவீதம் பரவிவிட்டது என்று பொருளல்ல. அந்த இடத்தைப் படித்த மரபணுத் துண்டுகள் நூற்றில் 32இல் பிறழ்வு இருந்தது, அவ்வளவே. மாதிரியில் நலமான செல்களும் கலந்திருப்பதால் எண் ஏறி இறங்கும். இதை வைத்து நோயின் கட்டத்தைக் கணக்கிட முயலவேண்டாம்.

பட்டியலிலுள்ள எல்லா மாற்றங்களும் புற்றுநோயை வளர்ப்பவை அல்ல. பெரும்பாலானவை கட்டி வளரும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை. 'முக்கியத்துவம் தெளிவற்றது' என்ற தலைப்பின்கீழ் வருபவற்றை இணையத்தில் தேடி இரவைக் கழிப்பதில் பயனில்லை.

ஆனால் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய 'பிஆர்சிஏ1', 'பிஆர்சிஏ2' என்ற மரபணுக்களின் பெயர்கள் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டாகவேண்டும்: இது கட்டியில் மட்டும் ஏற்பட்டதா, பிறப்பிலேயே வந்ததா? தனியே இரத்தப் பரிசோதனை செய்தால்தான் விடை தெரியும். பிறப்பிலேயே வந்ததென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர்ந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அந்தச் சந்திப்புக்குப் போகும்போது குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் எந்தப் புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மார்பகப் புற்றுநோய் என்றாலே அம்மா, சித்தி, பெரியம்மாவோடு நிறுத்திவிடுகிறார்கள். இப்பிறழ்வு தகப்பன் வழியாகவும் வரும் என்பதால், அத்தைகளையும் அப்பாவைப் பெற்ற ஆயாவையும் விட்டுவிடாதீர்கள்.