பெரிய கலிபர் பிஸ்டல்களைச் சுட்டுப் பார்த்து ஒப்பிடுவது எப்படி?

மட்டக்களப்பிலிருந்து தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிற பொடியன்மார் சிலர் இப்போது அங்குள்ள சூட்டரங்குகளுக்கும் போகிறார்கள். போகுமுன் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்வி: "அண்ண, டெசேர்ட் ஈகிளச் சுட்டுப் பார்க்கலாமா?" பார்க்கலாம், ஆனால் கடைசியாக. பிஸ்டல்களில் மிகப் பெரியவற்றில் ஒன்றான அதை முதலில் எடுத்தால் கை களைத்துவிடும், அதற்குப் பிறகு சுடும் எதையும் சரியாக எடைபோட முடியாது.

முதலில் சட்டம்

இதை எங்கே செய்வது என்பதில் விளையாடக்கூடாது. இங்கே 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். சுவிஸில் சொந்தம் இருக்கிறது, அங்கே சுட்டுப் பார்ப்போம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்கள் அங்கே சிறப்பு அனுமதி இல்லாமல் துப்பாக்கி வாங்கவும் முடியாது, சுடவும் முடியாது. அமெரிக்காவிலும் சுற்றுலா விசாவில் போனவர், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுக்கக்கூடாது. அதனால் வெளிநாட்டவரைச் சட்டப்படி ஏற்கிற அரங்கா என்று கேட்டு, பயிற்றுநர் பக்கத்தில் நிற்பார் என்பதை உறுதிசெய்துகொண்டு போங்கள்.

எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்

கலிபர் என்பது சன்னத்தின் பருமன் மட்டுமே. .45 ஏசிபி, .44 மக்னம், .50 ஏஈ என்பவை ரவை வகைகளின் பெயர்கள், எண் அங்குலக் கணக்கு. .45 ஏசிபி ரவையின் சன்னம் ஏறக்குறைய 11.5 மில்லிமீற்றர், .44 மக்னம் 10.9. எண்ணில் சின்னதான .44தான் கையை அதிகம் உதைக்கும். .45 சன்னத்தின் நிறை 15 கிராம் அளவு. குழலை விட்டு வினாடிக்கு 250 மீற்றர் வேகத்தில் கிளம்பும், சக்தி 480 ஜூலுக்குக் கிட்ட. .44 மக்னம் 1300 ஜூலைத் தொடும். .50 ஏஈ 19 கிராம் சன்னத்தோடு 1900 ஜூலைத் தாண்டும்.

அடுத்தது துவக்கின் எடை. .45 ஏசிபி போடும் 1911 பிஸ்டல் 1.1 கிலோ. 10 மில்லிமீற்றர் ரவை போடும் குளொக் 20 வெறுமையாக 800 கிராமும் இல்லை. .50 ஏஈ போடும் டெசேர்ட் ஈகிள் 2 கிலோ. சக்தியில் .44க்குக் கீழே இருக்கும் 10 மில்லிமீற்றர், முழு வேகத்து ரவை போட்டால் கையில் இவ்வளவு கூர்மையாக அடிப்பதற்கு எடை குறைந்த அந்த உடம்புதான் காரணம்.

இயங்கும் முறையும் வேறு. குளொக்கிலும், ஜோன் பிரவுனிங் வடிவமைத்த 1911இலும் குழலும் அதன் மேல் முன்பின்னாக ஓடும் மேல்மூடியும் (ஸ்லைட்) சேர்ந்து கொஞ்சம் பின்னே போகும். பிறகு குழல் சரிந்து விடுபட, மூடி மட்டும் தொடர்ந்து ஓடும். டெசேர்ட் ஈகிளில் குழல் அசையாது. வெடித்த வாயுவில் ஒரு பங்கு குழலுக்கு அடியால் முன்னே போய் ஒரு பிஸ்டனைத் தள்ளும், அதுதான் பொறியைத் திறக்கும். எடையும் இந்த வாயு முறையும் சேர்வதால் அதன் உதை சுளீரென்று அடிக்காமல் நீளமாகத் தள்ளும். இதை எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் கைதான் நம்பும்.

சுடும் ஒழுங்கு

காதடைப்பான் போட்டு அதன் மேல் காதுமூடியும் போடுங்கள். பிஸ்டல் வெடி 140 டெசிபெல்லைத் தாண்டும், மூடிய அரங்கில் இன்னும் மோசம். கண்ணாடி கட்டாயம். குழல் எப்போதும் இலக்குப் பக்கம். சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசைக்கு (ட்ரிகர்) வெளியே.

படுவான்கரையில் வெள்ளாமைக் காவலுக்கு உரிமத்தோடு துவக்கு வைத்திருக்கும் மாமா ஒருவர், "ஒரு கையளவு சாமானுக்கு என்ன மனே இவ்வளவு பாடு?" என்று கேட்டார். 12 போர் துவக்கின் உதையைத் தோளும் உடம்பும் வாங்கிக்கொள்ளும். பிஸ்டலுக்கு மணிக்கட்டும் பிடியும்தான் இருக்கின்றன. அதனால் பிடியை எவ்வளவு உயரத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் பிடியுங்கள், மற்றக் கையால் இறுக்கிச் சுற்றுங்கள், உடம்பை முன்னே சாயுங்கள். பெருவிரல் இரண்டும் ஒரே பக்கம் இருக்கட்டும். மூடிக்குப் பின்னால் விரல் போனால் கிழிக்கும். மணிக்கட்டைத் தளர விட்டால் காயம் இல்லாவிட்டாலும் ரவை சிக்கும்.

7 மீற்றரில் இலக்கை வையுங்கள். 9 மில்லிமீற்றர் பிஸ்டலில் ஐந்து ரவை சுட்டு அந்தத் தாளை எடுத்து வையுங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். அப்புறம் 1911, பிறகு 10 மில்லிமீற்றர், கடைசியில் டெசேர்ட் ஈகிள்.

ஒவ்வொரு புதுத் துவக்கிலும் முதலில் ஒரே ஒரு ரவைதான். பெரிய கலிபரில் துவக்கு மேலே எகிறும்போது பழகாத விரல் தன்னையறியாமல் விசையை மறுபடி அழுத்திவிடும். உள்ளே இரண்டாவது ரவை இருந்தால் அது கூரைக்குப் போகும். கை பழகிய பிறகு இரண்டு, அதன் பிறகு ஐந்து.

ஒப்பிட வேண்டியது இரண்டாவது வெடியை. முதல் சன்னம் நடுவில் விழுவது எல்லாத் துவக்கிலும் நடக்கும். குழல் முனையில் இருக்கும் முன்குறி எவ்வளவு உயர எகிறியது, திரும்ப இலக்குக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது, ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு பரந்தன, விசையைத் தொட விரலை இழுத்து நீட்ட வேண்டியிருந்ததா என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். எங்கள் ஆட்கள் பலருக்கு டெசேர்ட் ஈகிளின் பிடி பெரிதாகவே இருக்கும். பிடிக்குள் செருகும் அதன் ரவைக்கூட்டை அடியிலிருந்து மேலே அழுத்திப் பிடிக்கவும் கூடாது, சிக்கிவிடும்.

ஓட்டைகள் திடீரென்று கீழே இறங்கினால், வெடிக்கு முன்னரே நீங்கள் துவக்கைக் கீழே தள்ளுகிறீர்கள் என்று பொருள். ரவைகளுக்கிடையில் உங்களுக்குத் தெரியாமல் வெடிக்காத போலி ரவை ஒன்றைக் கலக்கச் சொல்லிப் பயிற்றுநரிடம் கேளுங்கள். வெடிக்காத இடத்தில் முனை குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். அப்படிப் பார்த்தால் ஓய்வெடுத்து, 9 மில்லிமீற்றருக்குத் திரும்புங்கள்.

காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் 1911ஐத் தேர்ந்தெடுங்கள். எடை போதும், விசை நேராகப் பின்னே வரும், பெரிய சன்னத்தின் தள்ளலும் புரியும். 10 மில்லிமீற்றர் தொடங்குபவருக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஈயத் தூசி படிந்திருக்கும். உடுப்பையும் துவைத்துவிட்டே விமானம் ஏறுங்கள். ஞாபகத்துக்கு என்று வெற்றுக்கோது ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள். கட்டுநாயக்காவில் பிடிபட்டால் விளக்கம் சொல்லி முடியாது. துளை விழுந்த தாள்களைக் கொண்டுவரலாம், அவற்றில்தான் உங்கள் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன.