கிறீம் பூசியும் ஆறாத புண்: ஆண்கள் எப்படிப் பார்ப்பது, யாரிடம் காட்டுவது

மறைவிடத்தில் சிவந்து அரித்தால் நம் தோட்டப் பக்கத்து ஆண்கள் யாரிடமும் சொல்லாமல் டவுன் பார்மசியில் ஒரு கிறீம் வாங்கிப் பூசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது பூஞ்சைதான், ஈர உடுப்பும் வேர்வையும் போதும் அதற்கு, மருந்து போட்டால் போய்விடும். ஆனால் மூன்று நான்கு கிழமையாகியும் அதே இடத்தில் அப்படியே நின்றால் அடுத்த கிறீமைத் தேடாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீரொய்ட் கலந்த கிறீம் அரிப்பையும் சிவப்பையும் கொஞ்ச நாளைக்கு அடக்கும், உள்ளே இருப்பது புற்றுநோய் என்றால் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

நல்ல வெளிச்சத்தில் முன்தோலைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஆண்குறி மொட்டில் வெல்வெட் போல மினுங்கும் சிவப்புத் திட்டு, வலிக்காவிட்டாலும், தோலின் மேலடுக்கில் நிற்கும் ஆரம்பப் புற்றாக இருக்கலாம். வெள்ளை படர்ந்து முன்தோல் இறுகி வருவது லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அது புற்று இல்லை, ஆனால் சிலருக்குப் பின்னாளில் புற்றாகும். முன்தோல் பின்னால் போகவே மாட்டேன் என்று, உள்ளிருந்து நாற்றமோ இரத்தமோ வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். கவட்டையில் கட்டி தட்டுப்பட்டாலும் அப்படித்தான்.

அதிகம் ஏமாற்றுவது பேஜெட் நோய் என்ற ஒரு வகைத் தோல் புற்று. விதைப்பையிலோ கவட்டையிலோ சிவந்து, கசிந்து, பொருக்குத் தட்டி, அரிக்கும். பார்ப்பதற்கு அசல் எக்ஸிமா, அதனால் வருஷக்கணக்கில் சொறி மருந்தே போட்டவர்கள் உண்டு. இது உறுதியானால் சிறுநீர்ப்பை, புரொஸ்டேட், மலக்குடல் இவற்றிலும் புற்று ஒளிந்திருக்கிறதா என்று டொக்டர்கள் தேடுவார்கள்.

கண்ணால் பார்த்து யாராலும் முடிவாகச் சொல்ல முடியாது, பயொப்சிதான் சொல்லும். மரக்க ஊசி போட்டு ஒரு சின்னத் துண்டு தோல் எடுப்பார்கள், பொதுவாக அன்றே வீட்டுக்கு வரலாம். உறுப்பையே வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் போவதில்லை, ஆனால் மேலடுக்கில் இருக்கும்போதே பிடித்தால் பூசும் மருந்து, லேசர், சின்ன ஆபரேஷன் என்று உறுப்பைக் காப்பாற்ற வழிகள் இருக்கின்றன.

தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லக் கூச்சமாக இருந்தால் நேரே நுவரெலியா, பதுளை, கண்டி பெரியாஸ்பத்திரி ஓபிடிக்குப் போய்த் தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள், காசு இல்லை. பாலியல் நோய் கிளினிக்குக்கு அனுப்பினாலும் போங்கள், சிபிலிஸ் புண்ணும் இப்படி இருக்கும் என்பதால் இரத்தம் பார்ப்பார்கள். சிங்களத்தில் சொல்ல வராது, கூட ஆள் வைத்துச் சொல்லவும் வெட்கம் என்றால், எப்போது வந்தது, என்னென்ன பூசினீர்கள் என்பதைத் தெரிந்த ஒருவரிடம் சிங்களத்தில் எழுதி வாங்கிக் கொண்டுபோங்கள், பழைய கிறீம் டியூப்களையும் சேர்த்து.