மெய்நிகர் கணினியை இடம் மாற்றிய பின் பதிப்பை உயர்த்த அவசரம் வேண்டாம்

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தோட்ட அலுவலகத்தைப் போல, விண்டோஸ் சர்வர் 2016 ஓடும் பழைய சர்வரும் 2019 ஓடும் புதிய சர்வரும் சேர்ந்தே இயங்கும் இடங்களில், சம்பளக் கணக்கு உள்ள மெய்நிகர் கணினியை (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) ஹைப்பர்-வி (அத்தகைய கணினிகளை இயக்கும் விண்டோஸ் வசதி) வழியாகப் புதியதற்கு மாற்றிய உடனே அதன் அமைப்புப் பதிப்பை (configuration version) உயர்த்திவிடாதீர்கள். இடம் மாறினாலும் அது 8.0 பதிப்பிலேயே இருக்கும் என்பதால், சிக்கல் தென்பட்டால் பழைய சர்வருக்கே திருப்பிவிடலாம், 9.0க்கு உயர்த்திவிட்டால் 2016 அதை ஏற்காது, பதிப்பைக் கீழே இறக்கவும் வழியில்லை. 2019இல் புதிதாக உருவாக்குபவை இயல்பாகவே 9.0 ஆக அமையும்; ஆகவே இரண்டிலும் ஓட வேண்டியதற்கு, உருவாக்கும்போதே பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவி) கட்டளையில் 8.0 எனக் குறிப்பிடுங்கள். ஒன்றில் இன்டெல், மற்றதில் ஏஎம்டி செயலி இருந்தால், மெய்நிகர் கணினியை முழுமையாக அணைத்த பிறகே மாற்ற வேண்டும். சம்பள வாரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.