ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

ஸ்பீக்கர் 100 வாட் என்றால் ஆம்ப்ளிஃபையரும் 100 வாட் வாங்கிவிட்டால் போதும் என்றுதான் புதிதாக ஹோம் தியேட்டர் அமைக்கும் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்பீக்கரின் பின்பக்கம் போட்டிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு சத்தம் தரும் என்பது வேறு கணக்கு.

படி 1: ஓம்

ஸ்பீக்கரில் 4, 6, 8 என்று ஏதாவது ஒரு ஓம் எண் (மின்சாரத்துக்கு அது காட்டும் தடையின் அளவு) இருக்கும். ரிசீவரின் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி) பின்பக்கம் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று போட்டிருப்பார்கள். ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் கரண்ட்டை அதிகம் இழுக்கும், அதனால் 6 ஓமுக்குக் குறையக்கூடாது என்று சொல்லும் ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டி சத்தத்தைக் கூட்டினால் அது சூடேறி, படம் சூடுபிடிக்கும் நேரத்தில் தானாக அணைந்துவிடலாம். இது ஒத்துவரவில்லையா, வேறு ஜோடி பாருங்கள்.

படி 2: சென்சிட்டிவிட்டி

யாரும் கவனிக்காத எண் இது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 87 டெசிபல் சத்தம் கேட்கும். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது வெறும் 3 டெசிபல்தான்! அதாவது 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும் சத்தத்துக்கு, 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் வேண்டும். ஒரு சின்ன விஷயம்: 2.83 வோல்ட்டில் அளந்தது என்று போட்டிருந்து, ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தால், அது உண்மையில் 2 வாட், எனவே 3 டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 3: உட்காரும் இடம்

87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 107 டெசிபல். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திறந்தவெளிக் கணக்குப்படி சுமார் 9.5 டெசிபல் குறையும் (அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் இவ்வளவு குறையாது). மிச்சம் 97 சொச்சம். தியேட்டர் அளவுகோலில் ஒரு சேனலின் (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின்) உச்சம் 105 டெசிபல், ஆனால் வீட்டில் அந்த அளவுக்கு வைத்தால் காது வலிக்கும், 10 டெசிபல் குறைத்துக் கேட்டாலே தாராளம்.

படி 4: வாட்டை நம்பலாமா?

பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) மட்டும் பாருங்கள். அதிலும் 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல், 10% டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று அளந்த எண் ஊதிப் பெரிதாக்கியது. 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது அளந்ததைத் தேடுங்கள். ஐந்து சேனலும் சேர்ந்து ஓடினால் அதுவும் இறங்கும்.

அப்புறம், பெரிய ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வால்யூம் உங்கள் கையில்தானே இருக்கிறது. சின்ன ஆம்ப்ளிஃபையரை முக்க விட்டால் சிக்னல் கிளிப் ஆகி (அலையின் உச்சி வெட்டுப்பட்டு) ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) எரியலாம். தனி ஆம்ப்ளிஃபையர் உள்ள சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) இருந்தால் ரிசீவர் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். வாட்டை அதிகம் தின்னும் பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடும், ரிசீவருக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி.