நாயோடு ஆர்வி பார்க்: நகரத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஹோட்டல் வேண்டாம், ஆர்வியில் (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வீடுபோல் தங்கும் வண்டி) தங்கலாம், குழந்தைகளும் நாயும் கூட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை வாடகைக்கு எடுப்பது, பின்னால் நகர்த்தி நிறுத்தப் பழகுவது எல்லாம் இங்கே கிடையாது. இந்த வண்டியை நிறுத்தி, மின்சாரமும் தண்ணீரும் இணைத்துத் தங்கும் இடம்தான் ஆர்வி பார்க். எந்தப் பார்க்கில் இடம் பிடிப்பது என்பது மட்டும்தான் விஷயம்.

படி 1: பகலில் நாய் எங்கே இருக்கும்?

வாடகை, நீச்சல் குளம், ஊருக்கு எத்தனை மைல் என்றுதான் எல்லாரும் தேட ஆரம்பிக்கிறார்கள். அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். மியூசியத்துக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ நாயை விட மாட்டார்கள். அதனால் வழி மூன்றுதான்: குடும்பத்தில் ஒருவர் நாயோடு தங்கிவிடுவது, பகல்நேரக் காப்பகத்தில் விடுவது, அல்லது வண்டியில் ஏசியைப் போட்டு நாயை உள்ளே விட்டுப் போவது. பெரும்பாலானோர் வாய்விட்டுச் சொல்லாமலே மூன்றாவதை நம்பி புக் செய்துவிடுகிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

‘பெட் ஃப்ரெண்ட்லி’ என்று போட்டிருந்தால் நாயைக் கொண்டுவரலாம், அவ்வளவுதான். தனியாக விட்டுப் போகலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் விதிமுறைப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒற்றை வரியாக இருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் (கூடாரமோ வண்டியோ போட்டுத் தங்கும் இடங்கள்) இன்னும் கறார். கயிறு 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது, நாயை எதிலாவது கட்டிப் போட்டுவிட்டு நகரக் கூடாது, பெரும்பாலான மலைப்பாதைகளில் நாய்க்கு அனுமதியும் இல்லை. நாள் முழுக்க நாயோடு நடக்க ஆசைப்படுபவர்களுக்கு தேசிய வனப்பகுதிகளின் கேம்ப்கிரவுண்டுகள் பொதுவாகத் தோதானவை.

படி 2: போனில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

ஆன்லைன் புக்கிங்கில் ‘நாய்: 1’ என்று டிக் செய்தால் போதாது. அலுவலகத்தைக் கூப்பிட்டு இதையெல்லாம் கேளுங்கள்:

- ஏசி ஓடும் வண்டிக்குள் நாயைத் தனியாக விடலாமா, எவ்வளவு நேரம்?
- எந்தெந்த இனங்களுக்குத் தடை? பிட் புல், ராட்வைலர், டோபர்மேன் பெயர்கள்தான் அடிக்கடி வரும். பல இடங்களில் இது பார்க்கின் காப்பீட்டு நிறுவனம் போட்ட நிபந்தனை, வாசலில் நின்று வாதாடி ஜெயிக்க முடியாது. உங்களுடையது கலப்பினமாக இருந்து பார்க்க அப்படித் தோன்றினால், படத்தை மின்னஞ்சலில் அனுப்பி ‘சரி’ என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
- எத்தனை நாய் வரை? இரண்டு என்பது பரவலான வரம்பு.
- மடக்கு வேலி போடலாமா, தரையில் முளை அடிக்கலாமா? மண்ணுக்கடியில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடுவதால் பல பார்க்குகளில் முளைக்கு ‘நோ’.

ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழை, கால்நடை மருத்துவரின் கையெழுத்தோடு, போனில் படமாக வைத்திருங்கள். கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லையை மட்டும் காட்டினால் எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள்.

படி 3: மின்சாரம் (அவசரப்படாமல் படியுங்கள்)

நாயை வண்டியில் விட்டுப் போகப்போகிறீர்கள் என்றால் அதன் உயிர் ஏசியை நம்பி இருக்கிறது, ஏசி சைட்டின் (பார்க்கில் உங்கள் வண்டிக்கு ஒதுக்கிய இடம்) மின்பெட்டியை நம்பி இருக்கிறது. 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் லைன்கள் வருவதால் 12,000 வாட். பெயரில் இரண்டு மடங்குகூட இல்லை, தருவதோ மூன்று மடங்குக்கும் மேல்.

கூரையில் இருக்கும் 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது தோராயமாக 12 முதல் 16 ஆம்ப் இழுக்கும். வாட்டர் ஹீட்டரை மின்சாரத்தில் வைத்தால் அதற்கு 12 ஆம்ப் பக்கம். ஃப்ரிட்ஜும் பேட்டரி சார்ஜரும் சேர்ந்தால் 30 ஆம்ப் பிரேக்கர் விளிம்புக்கு வந்துவிடும். அதனால் நாயை விட்டுக் கிளம்பும்போது வாட்டர் ஹீட்டரை அணைத்துவிடுங்கள், அல்லது கேஸுக்கு மாற்றுங்கள். 50 ஆம்ப் வண்டியை அடாப்டர் போட்டு 30 ஆம்ப் சைட்டில் சொருகினாலும் கிடைப்பது 30 ஆம்ப்தான், இரண்டு ஏசியை ஒன்றாக ஓட்ட நினைக்காதீர்கள்.

பிரேக்கர் விழுந்தாலாவது காரணம் தெரியும். வோல்டேஜ் இறங்குவதுதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. நகரத்தை ஒட்டிய பழைய பார்க்குகளில், கோடைச் சனிக்கிழமை மதியம் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது 120 வோல்ட் 105 பக்கம் வந்து நிற்கும். அந்த வோல்டேஜில் ஓடிக்கொண்டே இருந்தால் கம்ப்ரசர் சூடேறிக் கெடும். இதற்குத்தான் மின்பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டும் ஈஎம்எஸ் வகைப் பாதுகாப்புக் கருவி. மலிவான சர்ஜ் ப்ரொடெக்டர் திடீரென எகிறும் மின்சாரத்தை மட்டும்தான் தடுக்கும், ஈஎம்எஸ் 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் இணைப்பையே துண்டித்துவிடும். விலை கூடத்தான், ஆனாலும் என் ஓட்டு ஈஎம்எஸ்ஸுக்கே.

ஆனால் ஒன்று. ஈஎம்எஸ் ஏசியைக் காப்பாற்றும் அதே நிமிடத்தில் நாய் புழுக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. வெளியே 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் நாளில், பூட்டிய காருக்குள் அரை மணி நேரத்தில் 104 டிகிரியைத் தொடும். ஆர்வி பெரிது, சற்று மெதுவாகச் சூடாகும், ஆனால் போகும் திசை ஒன்றுதான். எனவே வெப்பநிலை அலாரம் இல்லாமல் கதவைப் பூட்டாதீர்கள். வாங்கும்போது தனக்கென்று சிம்மும் பேட்டரியும் உள்ளதாக வாங்குங்கள். வைஃபையில் ஓடுவது உதவாது, மின்சாரம் போனதும் ரௌட்டரும் சேர்ந்து படுத்துவிடும், உங்களுக்குச் செய்தியே வராது. கருவியை ஏசி காற்று படும் இடத்தில் வைக்காமல், நாய் படுக்கும் உயரத்தில் வையுங்கள். எச்சரிக்கையை 80 டிகிரிக்கு வைப்பது நல்லது. அந்தப் பார்க்கில் உங்கள் சிம்முக்குச் சிக்னல் கிடைக்கிறதா என்று கேம்பெண்டியம் தளத்தில் தங்கியவர்கள் குறித்திருப்பார்கள், புக் செய்யும் முன் பாருங்கள்.

அலாரம் அடித்தால் திரும்பி வர எவ்வளவு நேரம்? ‘ஊரிலிருந்து 25 மைல்’ என்பதற்கு அர்த்தம் வருவது இங்கேதான். கூகுள் மேப்பில் வேலைநாள் மாலை 5 மணி என்று போட்டு, நகர மையத்திலிருந்து பார்க்குக்கு வழி கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டினால், ஏசியை நம்பும் திட்டத்துக்கு அந்தப் பார்க் சரிப்படாது. காப்பகத்தில் விடுவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள்.

படி 4: வானத்திலிருந்து பாருங்கள்

பார்க்கின் வலைத்தளப் படங்களை நம்பாமல் சாட்டிலைட் வியூவைத் திறங்கள். முதலில் ரயில் பாதையையும், அது சாலையைக் கடக்கும் இடத்தையும் தேடுங்கள். ‘அமைதி மண்டலம்’ என்று அறிவிக்கப்படாத கிராசிங்கில் ரயில் வரும்போது 15 முதல் 20 விநாடி ஹாரன் அடிப்பது அங்கே சட்டம்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். இரவு 2 மணிக்கும் அதேதான். சத்தத்துக்குப் பயப்படும் நாய் என்றால் ஒரு மைலுக்குள் கிராசிங் உள்ள பார்க்கைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து சைட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி. ஆர்வியின் கதவு வலப்பக்கம், கழிவுநீர்க் குழாய் இடப்பக்கம். நெருக்கி அடித்த பார்க்கில் உங்கள் கதவுக்கு நேரே, நாய் மோப்பம் பிடிக்கும் தூரத்தில், பக்கத்து வண்டியின் கழிவுக் குழாய் கிடக்கும். குழந்தைகள் விளையாடுவதும் அதே பத்தடியில்தான். வலப்பக்கம் யாரும் இல்லாத கடைசி சைட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் தகும்.

நாய்ப் பூங்கா இருந்தால் வேலி முழுக்க இருக்கிறதா, இரட்டை வாசல் உண்டா என்று படத்தில் பாருங்கள். ஒற்றை வாசல் என்றால் இன்னொருவர் உள்ளே வரும் நேரத்தில் உங்கள் நாய் வெளியே ஓடிவிடும். கேஓஏ என்ற தொடர் நிறுவனத்தின் பார்க்குகள் பலவற்றில் ‘கேம்ப் கே9’ என்ற பெயரில் வேலியிட்ட இடம் உண்டு. தடுப்பூசி முடியாத குட்டியை எந்த நாய்ப் பூங்காவிலும் இறக்காதீர்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

படி 5: போய்ச் சேர்ந்ததும்

மின்பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டு, சாக்கெட்டில் கருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சொருகாதீர்கள், வேறு சைட் கேளுங்கள். பிறகு ஈஎம்எஸ்ஸை மாட்டி வோல்டேஜைப் பாருங்கள். நாய் இருக்கும் வண்டியை முதல்நாளே விட்டுப் போகாமல், ஒரு மதிய வெயில் முழுக்க ஏசியை ஓட்டிப் பாருங்கள். அப்படியே குடும்பத்தோடு அரை மணி நேரம் வெளியே நடந்து, உள்ளே நாய் குரைக்கிறதா என்று கேமராவில் கவனியுங்கள். விதி அனுமதித்தாலும் பக்கத்து வண்டிக்காரர் புகார் கொடுத்தால் அலுவலகம் உங்களைத்தான் கூப்பிடும்.

பின்சேர்க்கை

பின்னூட்டங்களில் வந்த கேள்விகளுக்காக இரண்டு விஷயங்கள். ஏரிக்கரைப் பார்க் என்றால், கோடையில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் தெரிந்தால் நாயை இறங்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொன்றுவிடக்கூடியது, ரோமத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். ஜூலை 4 (அமெரிக்கச் சுதந்திர தினம்) வாரத்தில் நகரத்தை ஒட்டிய பார்க் வேண்டவே வேண்டாம். வாணவேடிக்கைச் சத்தத்தில் மிரண்டு கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும் நாய்கள் அந்த இரவில் ஏராளம். தவிர்க்க முடியாவிட்டால், இருட்டும் முன்னே கடைசி நடையை முடித்து, மைக்ரோசிப்பில் பதிந்த போன் எண் இப்போதையதுதானா என்று சரிபார்த்துவிட்டு, ஜன்னல்களை மூடி உள்ளேயே இருங்கள்.