யி ஜிங் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யி ஜிங் என்ற பழைய சீன நூலைத் தாவோ மார்க்கத்தின் வேதம் என்று சொல்லித்தான் பலர் தொடங்குகிறார்கள். அங்கேயே வழி தவறிவிடுகிறது. அதன் மையப் பகுதி, சீனாவின் மேலைச் சோவ் அரசமரபுக் காலத்துக் (கி.மு. 11–8ஆம் நூற்றாண்டு) குறிபார்க்கும் கையேடு. முழுக்கோடுகளும் முறிந்த கோடுகளும் ஆறாறாக அடுக்கிய 64 உருவங்களும் அவற்றின் பலன்களும்தான் அதில் உள்ளன. பெரிய ஆற்றைக் கடக்கலாமா, படை நடத்தலாமா என்பவைதான் அதன் கவலைகள். தாவோ மார்க்கத்தின் அடிப்படை நூலான, லாவோசு பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் பல நூற்றாண்டுகள் பிந்தியது. போதாக்குறைக்கு, கி.மு. 136இல் ஹான் பேரரசர் வூ ஐந்து செவ்வியல் நூல்களுக்கு அரசு அறிஞர்களை அமர்த்தியபோது அவற்றில் யி ஜிங்கும் ஒன்று. கன்பூசியர்களும் அதைத் தங்கள் நூலாகவே படித்தார்கள்.

யின்-யாங் (இருள்-ஒளி போன்ற எதிரிணைகள்) தத்துவத்தை மையப் பகுதியில் தேடுவதும் வீண். அது பின்னால் சேர்ந்த ‘பத்துச் சிறகுகள்’ என்ற உரைகளில் வருகிறது. ‘ஒரு யின், ஒரு யாங், இதுவே தாவோ (உலகின் வழி)’ என்ற புகழ்பெற்ற வரியும் அங்கேதான்.

அப்படியானால் தாவோயிஸ்டுகளுக்கு இதில் என்ன வேலை? நிறையவே உண்டு. 23 வயதில் இறந்துபோன வாங் பி (226–249) லாவோசுவின் நூலுக்கும் உரை எழுதினார், யி ஜிங்குக்கும் எழுதினார். இந்த இரண்டு நூல்களும், மற்றொரு தாவோ நூலான சுவாங்சுவும் சேர்ந்து ‘மூன்று மறைபொருள்கள்’ ஆயின. வெய் போயாங் பெயரில் வழங்கும் ரசவாத நூலோ, ஆறு கோட்டு உருவங்களை உலைத்தீயை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதற்கான நேரக்குறிப்பாக்கியது. அதில் ஜோசியமே இல்லை!

உருவங்களை மேலிருந்து கீழே படிக்கக் கூடாது. கோடுகள் கீழிருந்துதான் வளர்கின்றன. 11ஆம் உருவத்தைப் பாருங்கள். மூன்று முறிந்த கோடுகள் மேலே, அது பூமி. மூன்று முழுக்கோடுகள் கீழே, அது வானம். தலைகீழாக இருக்கிறதே, கெட்ட சகுனம் என்று தோன்றும். ஆனால் இதன் பெயர் அமைதி. மேலேறும் வானமும் கீழிறங்கும் பூமியும் சந்திக்கின்றன. வானம் மேலே, பூமி கீழே என்று ‘ஒழுங்காக’ நிற்கும் 12ஆம் உருவம்தான் தேக்கம். அமைதியின் மூன்றாம் கோட்டிலேயே ‘திரும்பி வராத போக்கு இல்லை’ என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. தாவோ தே ஜிங்கின் 40ஆம் அத்தியாயம் திரும்புதலைத் தாவோவின் இயக்கம் என்கிறது. இரு நூல்களின் உறவை இங்கே தேடினால் கிடைக்கும்.

உருவத்தைக் கோடு கோடாகப் பெறக் காசு போடுவார்கள், அல்லது செடித் தண்டுகளைப் பிரிப்பார்கள். இரண்டும் ஒரே கணக்கு என்று நினைக்காதீர்கள். 50 தண்டுகளில் ஒன்றை ஒதுக்கி, மீதி 49ஐ இரண்டாகப் பிரித்து, நான்கு நான்காகக் கழிப்பார்கள். ஒரு கோட்டுக்கு மூன்று சுற்று. இதில் மாறும் முறிந்த கோடு (முழுக்கோடாக மாறுவது) விழ 16இல் 1 வாய்ப்பு, மாறும் முழுக்கோடு (முறிந்ததாக மாறுவது) விழ 16இல் 3. மூன்று காசு போட்டால் இரண்டுக்கும் 8இல் 1தான். அவசரத்துக்குக் காசு சரி. ஆனால் பலன் மாறும்.

பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கு 4ஆம் உருவமே பதில் சொல்லிவிடுகிறது: முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்பது அவமதிப்பு, சொல்ல மாட்டேன்.

அப்புறம், ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் இரும எண்முறையை (0, 1 மட்டும் கொண்டு எண்ணுவது) யி ஜிங்கைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்ற கதை. அது உண்மையல்ல. 1679லேயே எழுதிவிட்டார், சீனாவில் இருந்த பூவே பாதிரியார் அனுப்பிய 64 உருவங்களின் படம் அவர் கைக்கு வந்தது 1703இல்தான்.