எப்போதாவது ஓடும் இன்ஜின்: ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கார்களில் கைவைக்கத் தொடங்கும் இளம் மெக்கானிக்குகளும், அவற்றைப் புதிதாக வாங்கியவர்களும், இந்தக் கார்கள் வந்த புதிதில் நாங்கள் செய்த தவறுகளையே மறுபடியும் செய்துகொண்டிருக்கிறார்கள். டயரில் காற்றுப் பார்ப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும் காருக்குள், பொதுவாகப் பேட்டரி இறங்கும்போதுதான் விழித்துக்கொள்ளும் பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருக்கிறது என்பதை மறப்பதால் வரும் தவறுகள்தான் இங்கே பேச வேண்டியவை.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுவது

இன்ஜின் ஓடவே இல்லையே, ஆயில் எப்படிக் கெடும் என்று கேட்கிறார்கள். சிறிது நேரம் ஓடி, முழுச் சூடு ஏறுவதற்குள் நின்றுவிடும் இன்ஜினில்தான் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. செவ்ரோலெட் வோல்ட் காரில், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ஆயிலை மாற்றச் சொன்னதன் காரணம் இதுதான். கையேட்டில் கிலோமீட்டர், காலம் என்று இரண்டு கெடு இருந்தால், எது முதலில் வருகிறதோ அதன்படி மாற்றுங்கள்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் பிழைக் குறியீட்டை அழிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நாளை புகைப் பரிசோதனை. இன்று இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. உடனே ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டை அழித்துவிட்டு, விளக்கு அணைந்துவிட்டது என்று காரை அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த ஒரு பொத்தானை அழுத்தும்போது குறியீடு மட்டும் போவதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி வெளியேறாமல் தடுக்கும் எவாப் அமைப்பு ஆகியவற்றைக் கார் தானே சோதித்து முடித்ததைக் காட்டும் ரெடினெஸ் மானிட்டர்களும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. ஓபிடி (காரின் கணினியோடு ஸ்கேனரை இணைக்கும் அமைப்பு) வழியாகப் பரிசோதிக்கும் இடங்களில், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் மானிட்டர்கள் முடியாமல் இருந்தால், விளக்கு எரியாவிட்டாலும் காரைத் தேர்ச்சி பெற விடமாட்டார்கள். சாதாரண பெட்ரோல் காரென்றால் சில நாள் ஓட்டத்தில் அவை தாமாகவே முடிந்துவிடும். இந்தக் காரிலோ, பேட்டரியை நிரப்பிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டினாலும் இன்ஜின் அநேகமாக ஓடாது. இன்ஜின் ஓடாமல் கன்வெர்ட்டரைச் சோதிக்க வழியில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு, பிழை நேர்ந்த கணத்தில் இன்ஜினின் வெப்பநிலை, வேகம், சுமை எவ்வளவு இருந்தன என்று கார் பதிந்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலும் சேர்ந்து அழிவது. எப்போதாவது ஓடும் இன்ஜினில் அதே பிழை மறுபடியும் தோன்ற வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

எங்களிடம் வந்த ஒரு காரின் கதை இது. சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, என்ற குறியீட்டை வேறொரு பட்டறையில் படித்துப் பார்க்காமலேயே அழித்திருந்தார்கள். பரிசோதனையில் மானிட்டர்கள் முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 'பேட்டரி இறங்கும்வரை ஓட்டுங்கள், சரியாகிவிடும்' என்ற அறிவுரையை நம்பி உரிமையாளர் நெடுஞ்சாலையில் ஏறினார். பேட்டரி இறங்கியதும் இன்ஜின் விழித்தது, குளிர்ந்த நிலையிலேயே முழுச் சுமையும் அதன் மேல் விழுந்தது, மிஸ்ஃபயர் திரும்பியது. எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியும், ஓட்டத்தை முடித்தாக வேண்டும் என்று அவர் நிறுத்தவில்லை. அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுமையைக் குறைத்து, முடிந்தவரை விரைவில் பாதுகாப்பாக நிறுத்த வேண்டும். கழற்றிப் பார்த்தபோது கன்வெர்ட்டரின் தேன்கூட்டுச் செல்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மூல காரணம், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஒரே ஒரு இக்னிஷன் காயில். முதல் நாளே குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் எழுதி வைத்திருந்தால், காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அது.

ஆகவே முதலில் படியுங்கள், எழுதி வையுங்கள், பழுதைச் சரிசெய்யுங்கள்; அழிப்பது அதற்குப் பிறகுதான். அதன்பின் காரை இரவு முழுவதும் நிறுத்தி இன்ஜினைக் குளிரவிட்டு, பேட்டரி இருப்பைத் தக்கவைக்கும் ஹோல்ட் முறை இருந்தால் அதில் இட்டு, இல்லையென்றால் பேட்டரியை இறக்கி, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை சீரான வேகத்திலும் நின்று நின்றும் ஓட்டுங்கள். டேங்க் முழுதாகவோ அடிமட்டத்திலோ இருந்தால் பல கார்களில் எவாப் சோதனை தொடங்கவே தொடங்காது. பாதியளவு பெட்ரோல் இருக்கட்டும். மானிட்டர்கள் முடிந்ததை ஸ்கேனரில் பார்த்த பிறகே பரிசோதனைக்கு நாள் குறியுங்கள்.

12 வோல்ட் பேட்டரியைக் கழற்றுவது

பல கார்களில் மானிட்டர்கள் இதிலும் அழியும். பரிசோதனை நெருங்கும்போது வேண்டாம்.

ஆரஞ்சு நிறக் கேபிள்கள்

இவை உயர் மின்னழுத்தக் கேபிள்கள்; பயிற்சி பெறாதவர் தொடக் கூடாது.

மூடிய அறையில் காரை 'ரெடி' நிலையில் விடுவது

கார் ஓடத் தயாராக இருக்கும் இந்த நிலையில், பேட்டரி நிறைந்திருந்தாலும் இன்ஜின் தானே கிளம்பக்கூடும். வோல்ட் போன்ற கார்களில் பானட்டைத் திறந்தாலே கிளம்பும். உள்ளே விட்ட கைக்கும் ஆபத்து, அறையில் நிறையும் புகையும் ஆபத்து.

பேட்டரி கூலண்ட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது

பேட்டரியைக் குளிர்விக்கும் இந்தத் திரவத்தின் மட்டம் குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். நிரப்புவதற்குக் கையேடு சொல்லும் கூலண்ட்டைத் தவிர வேறெதுவும் கூடாது. தண்ணீரிலுள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும்.

பழைய பெட்ரோலைத் தேக்கி வைப்பது

வோல்ட் கார் சுமார் 6 வாரம் இன்ஜின் ஓடாவிட்டால் அதைத் தானே சிறிது நேரம் ஓட்டும். டேங்கிலுள்ள பெட்ரோலின் சராசரி வயது ஓராண்டைத் தாண்டினால் அதை எரித்துத் தீர்க்கப் பார்க்கும். திரையில் வரும் இந்த அறிவிப்பை ஒத்திப்போட்டுக்கொண்டே போகிறவர்கள், ஆவி பறந்து கெட்ட பெட்ரோலை இன்ஜெக்டருக்கு அனுப்புகிறார்கள். வருடத்தில் சில முறைதான் இன்ஜின் தேவைப்படும் என்றால் டேங்கை நிரப்பி வைக்காமல், தேவையான அளவு மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். ஊற்றும்போது இன்னொன்றும் உண்டு. ஆவி வெளியேறாமல் இருக்க இந்தக் கார்கள் பலவற்றில் டேங்க் அழுத்தத்தோடு மூடப்பட்டிருக்கும்; எரிபொருள் பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கியதாகத் திரை சொல்லும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு மூடியை நெம்பித் திறந்து பூட்டையோ சீலையோ உடைத்தால், அடுத்த எவாப் சோதனையில் கசிவுக் குறியீடு வந்து நிற்கும்.